திரைக்குள் நனையும் தார்ச்சாலை

2020 நவம்பர் 15. துருக்கியின் இஸ்தான்புல் பார்க் ஓடுதளத்தில் உலகின் மிகச் சிறந்த ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் காரை நேராகச் செலுத்தவே திணறிக்கொண்டிருந்தார்கள். பந்தயத்துக்குச் சற்று முன்புதான் அங்கே புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். புதுத் தாரின் எண்ணெய்ப் பசை மேலே கசிந்துகொண்டிருக்க, அதன்மீது மழையும் பெய்தது. ஆறாவது இடத்திலிருந்து கிளம்பிய லூயிஸ் ஹாமில்டன், ஈரத்துக்கான ‘இன்டர்மீடியட்’ டயர்களை ஒருமுறை மாட்டிக்கொண்ட பிறகு ஏறத்தாழ 50 சுற்றுகள் அவற்றை மாற்றவே இல்லை. டயரின் வெட்டுகள் தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகின. சாலையும் அதற்கேற்ற வேகத்தில் மெல்ல உலர்ந்துவந்தது. அன்று அவர் வென்றார். ஏழாவது உலகப் பட்டமும் அன்றே உறுதியானது.

வீட்டில் ஸ்டீயரிங்கும் பெடலும் பொருத்தி, இணையம் வழியே உலகெங்கும் இருப்பவர்களோடு பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்கில் இப்படி ஒரு வெற்றிக்கு வெகுகாலம் இடமே இருக்கவில்லை. முதல் சுற்றில் சாலைக்கு எவ்வளவு பிடிப்போ, ஐம்பதாவது சுற்றிலும் அவ்வளவுதான். எந்தப் பலகைக்கு நேராக பிரேக்கை மிதிப்பது, எந்தக் கல்விளிம்பைத் தொட்டுத் திருப்புவது என்று மனப்பாடம் செய்தவர் ஜெயித்தார். விதிவிலக்குகள் உண்டு. ஜெஃப் கிராமண்டின் ‘கிராண்ட் பிரீ 4’ விளையாட்டில், மழை விட்டபின் கார்கள் ஓடும் தடம் மட்டும் முதலில் காய்ந்துவருவதை 2002லேயே பார்க்க முடிந்தது. ஆனால் இணையப் போட்டிகளின் பொது வழக்கமாக அது மாற மேலும் பத்தாண்டுகளுக்குமேல் பிடித்தது.

இன்று நிலைமை வேறு. வேகமான ஒரு சுற்றை மனப்பாடம் செய்தவரைவிட, சாலையைப் படிக்கத் தெரிந்தவருக்கே முழுப் பந்தயத்தில் மதிப்பு. இந்த விளையாட்டுக்கு நேர்ந்த நல்ல மாற்றங்களில் இதுவே முதன்மையானது என்று சொல்லலாம்.

சாலையில் அப்படி என்னதான் மாறுகிறது? முதலில் ரப்பர். நீண்ட நாள் ஓடாத பாதையை ‘கிரீன் டிராக்’ என்பார்கள். மேலே தூசி, தாரின் துளைகளில் ரப்பர் இல்லை. கார்கள் ஓட ஓட, டயரிலிருந்து உரியும் ரப்பர் அந்தத் துளைகளில் படிந்து கறுப்புப் பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். ரப்பர்மேல் ரப்பர் நன்றாக ஒட்டும் என்பதால், அந்தப் பட்டையில் செல்பவருக்குச் சுற்றுக்குச் சுற்று பிடிப்பு கூடும். உரிந்த ரப்பர் எல்லாமே சாலையில் ஒட்டிவிடுவதில்லை. ஒரு பகுதி சிறு சிறு உருண்டைகளாகச் சுருண்டு, வளைவுகளின் வெளிப்பக்கம் வாரியடிக்கப்பட்டுக் கிடக்கும். ஓட்டுநர்கள் இதை ‘மார்பிள்ஸ்’ என்கிறார்கள். முந்துவதற்காகத் தடத்தை விட்டு விலகி அதன்மேல் ஏறியவருக்கு அந்த வளைவில் கார் வெளியே நழுவும். டயரில் ஒட்டிக்கொண்ட உருண்டைகள் உதிரும்வரை அடுத்த சில வளைவுகளிலும் அவஸ்தைதான். பந்தயத்தின் பிற்பகுதியில் முந்துவது ஏன் கடினமாகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கணினிக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் இருந்தன. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி 2014இல் முழுமையாக வெளியிட்ட ‘அசெட்டோ கோர்ஸா’ எளிய வழியை எடுத்தது. அதில் முழு ஓடுதளத்துக்கும் பிடிப்பு ஒரே எண். தூசி படிந்த பாதை, பழைய பாதை, உகந்த பாதை என்று தயார்நிலைகள் உண்டு. உகந்த பாதை என்றால் 100 சதவீதம். எத்தனை சுற்றுகள் ஓடினால் ஒரு சதவீதம் பிடிப்பு கூட வேண்டும் என்பதை சர்வர் நடத்துபவரே குறிக்கலாம். கணினிக்குச் சுமை குறைவு. ஆனால் எல்லோரும் ஓடிய தடத்துக்கும் யாருமே தொடாத ஓரத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

‘ஆர்ஃபேக்டர் 2’ அதற்கு முன்பே கடினமான வழியில் இறங்கியிருந்தது. 2012இல் சோதனைப் பதிப்பாக வந்த அந்த விளையாட்டின் ‘ரியல் ரோடு’ முறையில், கார்கள் எங்கே ஓடுகின்றனவோ அங்கேதான் ரப்பர் சேரும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சேர்ந்த ரப்பரைச் சேமித்து, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை அதே சாலையில் தொடங்கலாம். அமெரிக்காவின் ‘ஐரேசிங்’ 2015இல் இதே திசையில் வந்தது. அவர்களுடைய ஓடுதளங்கள் லேசர் கருவியால் அளந்து உருவாக்கப்பட்டவை. மேடு பள்ளங்கள்கூட நிஜத்தில் இருந்தபடி அப்படியே இருக்கும். அந்த அசையாத வடிவத்தின்மேல் ரப்பரும் உருண்டைகளும் வெப்பமும் ஏறி இறங்கத் தொடங்கின.

இணையப் போட்டியில் இந்த மாறும் சாலையின் விளைவை முதலில் உணர்வது, தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில். பத்து நிமிடத் தகுதிச் சுற்றில் முதல் ஆளாகக் கிளம்புகிறவர் மற்றவர்களுக்காகப் பாதையைப் பெருக்கிக்கொடுக்கிறார் என்றே சொல்லவேண்டும். கடைசி நிமிடத்தில் வருகிறவருக்கு ரப்பர் படிந்த சாலை கிடைக்கும். ஆனால் ஒரு தவறு செய்தால் இன்னொரு சுற்றுக்கு நேரம் இருக்காது. மொனாக்கோ போன்ற நகரத் தெருப் பந்தயங்களில் நிஜ ஓட்டுநர்கள் படும் அதே தவிப்பு, வீட்டு அறையில் ஓட்டுபவருக்கும் வந்துசேர்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஐரேசிங்கில் ஒரே போட்டிக்கு நூற்றுக்கணக்கானோர் பதிந்தால், திறனைக் காட்டும் மதிப்பெண்ணின்படி அவர்களைப் பல குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சர்வர் கொடுப்பார்கள். பாதை ஒன்றுதான், பெயர் ஒன்றுதான். ஆனால் அந்தந்த சர்வரில் ஓடுகிற கார்கள்தான் அங்கே ரப்பரைப் படியவைக்கின்றன. எல்லோரும் ஒரே கோட்டில் ஓடும் குழுவின் சாலையும், ஆளுக்கொரு கோட்டில் ஓடும் குழுவின் சாலையும் அரை மணி நேரத்தில் வெவ்வேறு சாலைகளாகிவிடும்.

ரப்பரைவிடக் கவனத்துக்குத் தப்புவது வெப்பம். தார் கொதிக்கும்போது டயர் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்கும். ஒரு மேகம் சூரியனை மறைத்தால் அதே வளைவில் கார் கேட்டபடி திரும்பும். நண்பகலில் காருக்குச் செய்த அமைப்பு (செட்டப்) மாலையில் ஒத்துவராது. நியூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தைப் போன்றவற்றில் இது பெரிய கணக்கு. அங்கே ஒரு சுற்று ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இரவில் குளிர்ந்துபோன சாலையில் புது டயரைச் சூடேற்றுவதே ஒரு வேலை. 2024 மே மாதம் ஐரேசிங் நடத்திய இணைய நியூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் டீம் ரெட்லைன் அணியோடு வென்ற மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், அதே வாரஇறுதியில் இமோலாவில் நிஜமான ஃபார்முலா ஒன் பந்தயத்தையும் வென்றார். திரைச் சாலையை அவ்வளவு மதித்து ஓட்டும், உலகப் பட்டம் வென்ற ஓட்டுநர் இருக்கும்போது, இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

வட்டப் பாதைகளில் வெப்பமும் ரப்பரும் சேர்ந்து இன்னொரு வேலை செய்கின்றன. ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட்-மயாமி பாதையில் வளைவின் சரிவு மேலே போகப்போகக் கூடும். தொடக்கத்தில் எல்லோரும் குறைந்த தூரமுள்ள கீழ்த் தடத்தில் ஓடுவார்கள். அது சூடாகி வழுக்க ஆரம்பித்ததும், துணிந்தவர்கள் சுவரை ஒட்டிய மேல் தடத்துக்கு ஏறுவார்கள். தூரம் அதிகம், ஆனால் வேகம் குறையாமல் வளையலாம். எந்தச் சுற்றில் மேலே ஏறுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. முன்னே போகிறவரின் கார் வளைவில் எங்கே நழுவுகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மண் பாதையில் மாற்றம் கண்ணெதிரே நடக்கும். ஓஹையோ மாநிலத்தின் எல்டோரா போன்ற மண் ஓடுதளங்களை ஐரேசிங் 2017இல் சேர்த்தது. ஈரமண்ணில் தொடங்கும்போது நல்ல பிடிப்பு இருக்கும். கார்கள் ஓட ஓட ஈரம் வற்றி, மண் இறுகிப் பளபளக்கும். அங்கே டயர் நிற்காது. வாரியடிக்கப்பட்ட தளர்ந்த மண் மேற்புறம் சுவருக்கருகே வரப்பாகத் திரளும். ஓட்டுநர்கள் ‘குஷன்’ என்று அழைக்கும் அந்த வரப்பில் பின்சக்கரத்தைச் சாய்த்து ஓட்டுவது வேகமான வழி. கொஞ்சம் தவறினால் சுவர்.

எல்லாவற்றிலும் சிக்கலானது மழைதான். காய்ந்த சாலையில் நண்பனாக இருந்த ரப்பர், மழையில் எதிரியாகிவிடுகிறது. தாரின் துளைகளை ரப்பர் அடைத்துவிட்டதால் தண்ணீர் வடிய இடமில்லை. அந்தக் கறுப்புப் பட்டையின்மேல் நீர்ப்படலம் அப்படியே நிற்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் மழையில் வழக்கமான தடத்தை விட்டு, ரப்பர் படியாத சொரசொரப்பான வெளிப்பக்கத்தைத் தேடிப் போகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கை பழகிய கோட்டை உதறிவிட்டு வேறொரு கோட்டில் வளைவது எளிதல்ல. மழைப் பந்தயத்தில் புதியவர்கள் முதல் வளைவிலேயே சுழல்வதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

மழை நின்றதும் ஆட்டம் மறுபடி மாறும். கார்கள் நீரை வாரி எறிய எறிய, ஒரு தடம் மட்டும் காயும். ஈர டயர் அந்த உலர்ந்த தடத்தில் சீக்கிரம் சூடாகித் தேய்ந்துவிடும் என்பதால், நேர்ச்சாலைகளில் வேண்டுமென்றே தேங்கிய நீரில் இறக்கி டயரைக் குளிரவைப்பார்கள். உலர்ந்த சாலைக்கான, வெட்டுகளற்ற ‘ஸ்லிக்’ டயருக்கு எப்போது மாறுவது? ஒரு சுற்று முந்தினால் ஈரத்தில் சுழல வேண்டியிருக்கும். இரண்டு சுற்று பிந்தினால் பத்து இடங்கள் போகும். 2019இல் முழுமையாக வெளியான ‘அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே’ இந்த அனுபவத்தை ஜிடி3 என்ற பந்தய வகைக் கார்களில் பரவலாக்கியது. ஐரேசிங் பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2024 மார்ச்சில் ‘டெம்பஸ்ட்’ என்ற பெயரில் மழையைக் கொண்டுவந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? இணையப் பந்தயத்தில் பெரும்பாலும் அவரவர் கணினிதான் அவரவர் காரின் இயக்கத்தைக் கணக்கிடுகிறது. சென்னையில் ஒருவர், சாவ் பாவ்லோவில் ஒருவர் என்று முப்பது பேர் ஓட்டினால், முப்பது கணினிகளும் ஒரே சாலையை நம்பியாக வேண்டும். எந்த வளைவில் எவ்வளவு தண்ணீர், எந்தத் தடம் காய்ந்தது, எங்கே ரப்பர் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதியில் இணைப்பு அறுந்து திரும்பி வருபவருக்கும் அந்த நேரத்துச் சாலை கிடைக்க வேண்டும். ஒருவர் திரையில் குட்டை, இன்னொருவர் திரையில் உலர்ந்த தார் என்றால் அது போட்டியே அல்ல.

இதில் நிஜ ஓட்டுநருக்கு இருக்கும் ஒரு வசதி சிம் ரேசருக்கு இல்லை. கார் நழுவத் தொடங்குவதை நிஜ ஓட்டுநர் முதலில் இடுப்பிலும் முதுகிலும் உணர்கிறார். அசையாத நாற்காலியில் இருப்பவருக்கு அந்தத் தகவல் வராது. முன்டயர் பிடிப்பை இழக்கும்போது ஸ்டீயரிங் லேசாவதைக் கையில் உணர வேண்டும். டயரின் கிறீச்சொலி மாறுவதைக் கேட்க வேண்டும். சாலையின் பளபளப்பையும் முன்காரின் பின்னால் எழும் நீர்ச்சாரலின் அளவையும் பார்க்க வேண்டும். சாரல் குறைந்தால் சாலை காய்கிறது என்று பொருள். உடல் சொல்லாததைக் கண்ணாலும் காதாலும் ஈடுகட்டும் இந்தத் திறமை நிஜமான திறமை. அதற்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

எல்லோரும் இதை விரும்புவதில்லை. தகுதிச் சுற்றில் பாதி பேர் ஓடி முடித்தபின் மழை வந்தால் அது திறமைப் போட்டியா, அதிர்ஷ்டச் சீட்டா என்று கேட்கிறார்கள். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டக் கிடைப்பவர், உலர்ந்த பாதைக்குப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து ஈரத்தில் தடுமாறும்போது வரும் எரிச்சல் நியாயமானது. அதனால்தான் காம்பெட்டிசியோனேயின் சர்வரில் வானிலையின் நிலையற்ற தன்மைக்கு 0 முதல் 7 வரை அளவு வைத்திருக்கிறார்கள். 0 என்றால் வானிலை மாறவே மாறாது. 5க்கு மேல் போனால் எதுவும் நடக்கலாம்.

தனியாக ஓடி நேரத்தை மட்டும் ஒப்பிடும் போட்டிகளுக்கு மாறாத சாலைதான் சரி. அங்கே எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். ஆனால் இருபது முப்பது கார்கள் சேர்ந்து ஓடும் நீண்ட பந்தயத்தில் சாலையை உறையவைப்பது, போட்டியின் பாதியைப் பறிப்பதற்குச் சமம். நீண்ட பந்தயங்களில் முன்னணியில் இருக்கும் அணிகள் பயிற்சியிலேயே இதற்குத் தயாராகின்றன. ரப்பரே இல்லாத பாதையில் ஒரு முறை, ரப்பர் முழுக்கப் படிந்த பாதையில் ஒரு முறை, உச்சி வெயிலில், நள்ளிரவில், தூறலில் என்று தனித்தனியே ஓட்டி, ஒவ்வொரு நிலையிலும் டயர் எத்தனை சுற்று தாங்கும் என்று குறித்துவைக்கிறார்கள். பந்தய நாளில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அந்தக் குறிப்புகளோடு வானிலை முன்னறிவிப்பைப் பார்த்தபடி, எந்தச் சுற்றில் டயர் மாற்றும் ‘பிட்’டுக்குள் வரவேண்டும் என்று காதில் சொல்லிக்கொண்டிருப்பார்.