பாடகர் சிரிக்கிறார், பின்னால் அழுவது யார்? கன்ட்ரி இசையின் பெடல் ஸ்டீல் கலைஞர்கள்

'டுகெதர் அகெய்ன்' என்று ஒரு பாட்டு. பக் ஓவன்ஸ் பாடியது. 1964-ல் அமெரிக்க கன்ட்ரி மியூசிக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிரிந்துபோன காதலி திரும்பி வந்துவிட்டாள், இனி அழ வேண்டியதில்லை என்பதுதான் பாட்டின் சங்கதி. வரிகளை மட்டும் படித்தால் சந்தோஷமான பாட்டு. ஆனால் கேட்டுப் பாருங்கள், தொண்டையை அடைக்கும். பாடகர் கொஞ்சம் ஒதுங்கியதும், குரலா வயலினா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று உள்ளே வந்து தேம்ப ஆரம்பிக்கிறது.

அது பெடல் ஸ்டீல் கிட்டார். வாசித்தவர் டாம் பிரம்லி. பாட்டின் வரிகளுக்கு நேர் எதிரான ஒரு மனநிலையை சில நொடிகளில் கொண்டுவந்தவர்.

ஹாங்க் வில்லியம்ஸ், ரே பிரைஸ், டாமி வைனெட், மெர்ல் ஹேகர்ட் என கன்ட்ரி இசையின் பெரிய பெயர்கள் நமக்கும் ஓரளவு தெரியும். அந்தப் பாட்டுகளில் 'கன்ட்ரி' என்று நம் காது அடையாளம் காண்கிற அந்த ஒலியை வாசித்தவர்களின் பெயர்கள்தான் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் அந்த வாத்தியத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கிட்டாரா, தையல் மெஷினா?

முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது கிட்டார் என்றே தோன்றாது. நாலு கால் வைத்த மேஜை மாதிரி இருக்கும். மேலே 10 கம்பிகள். சில மாடல்களில் 10, 10 ஆக இரண்டு வரிசை. கீழே வரிசையாகப் பெடல்கள், முழங்காலால் தள்ளுவதற்கு நெம்புகோல்கள். இடது கையில் கனமான உருளை ஸ்டீல் ஒன்று இருக்கும். பெயரில் உள்ள 'ஸ்டீல்' அதுதான். வலது கையின் கட்டை விரலிலும் இரண்டு விரல்களிலும் மாட்டிய பிக்குகளால் மீட்டுவார்கள். இடது கால் பெடல்களில், வலது கால் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பெடலில். இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முழங்கால், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை.

கோட்டுவாத்தியம் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். வீணையில் உள்ள மெட்டுகள் அதில் கிடையாது, கம்பி மேல் கட்டையை வழுக்கி வாசிப்பார்கள். ஸ்டீல் கிட்டாரும் அதே தத்துவம்தான். அடியில் கோடுகள் போட்டிருப்பார்கள், ஆனால் அவை வெறும் அடையாளம். ஸ்டீல் ஒரு மயிரிழை தள்ளிப்போனால் அபசுரம்.

மீதிப் பாதி பெடல். சிம்பிளாகச் சொன்னால் இப்படி: ச-க-ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெடலை அழுத்தினால் 'ப' மட்டும் 'த'வுக்கு ஏறும். பக்கத்துப் பெடலை அழுத்தினால் 'க' மட்டும் 'ம'வுக்கு ஏறும். 'ச' இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு சுரம் அசையாமல் நிற்க, இன்னொன்று அதை உரசிக்கொண்டு மேலே நகர்கிறது. அழுகை என்று நமக்குக் கேட்பது அந்த நகர்வைத்தான். கூடவே வலது கால், மீட்டும்போது ஒலியைக் குறைத்து வைத்து உடனே மெல்லத் திறந்துவிடும். கம்பியைத் தட்டிய சத்தம் மறைந்து, மூச்சு விட்டுப் பாடுகிற மாதிரி சுரம் எழும்பும்.

ஹவாயிலிருந்து நாஷ்வில் வரை

கம்பி மேல் இரும்பை வழுக்குகிற பழக்கம் ஹவாய் தீவுகளின் கொடை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அதை உருவாக்கியவராக ஜோசப் கெகுகு என்ற ஹவாய்க்காரரைச் சொல்வார்கள். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கா முழுக்க ஒரு அலையாகப் பரவியது. தெற்கு மாநிலங்களின் கிராமிய இசைக்காரர்களும் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெடல்கள் பின்னால் வந்தவை. ஆனால் ஆரம்பத்தில் அவற்றை அடுத்த ஸ்வரக்கட்டுக்குத் தாவுவதற்கான வசதியாகத்தான் பார்த்தார்கள். அதை மாற்றியவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தினார். சுரம் நம் காது முன்னாலேயே வளைந்தது. 1954-ல் அந்தப் பாட்டு நம்பர் ஒன். அமெரிக்காவின் மற்ற ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லாம் 'இது எப்படி?' என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

விடையோடு நிற்காமல் அடுத்த கேள்வியையும் கேட்டவர் பட்டி எம்மன்ஸ். ஐசக்ஸின் பெடல் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஏற்றும். அதை ஏன் இரண்டு பெடலாகப் பிரிக்கக் கூடாது? மேலே சொன்ன ப-த, க-ம தனித்தனிப் பெடல் கணக்கு அவர் போட்டது. அதைச் செய்தபோது அவருக்கு 20 வயதுகூட இல்லை. இன்றைக்கும் உலகம் முழுக்க பெடல் ஸ்டீல் கற்றுக்கொள்பவர்கள் முதல் நாள் கால் வைப்பது அந்த இரண்டு பெடல்கள் மேல்தான். எம்மன்ஸ் அதோடு விடவில்லை. ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து 'ஷோ-பட்' என்ற கிட்டார் கம்பெனி ஆரம்பித்தார், பிறகு தன் பெயரிலேயே இன்னொன்று. 1963-ல் 'ஸ்டீல் கிட்டார் ஜாஸ்' என்று ஒரு ஆல்பம் போட்டு, இந்த வாத்தியம் கன்ட்ரிக்கு மட்டும் நேர்ந்துவிட்டது இல்லை என்று காட்டினார். வாத்தியத்தைத் திருத்தியவர், செய்து விற்றவர், வாசித்தவர் மூன்றும் ஒரே ஆள்.

ஆளுக்கு ஒரு குரல்

டான் ஹெல்ம்ஸ் கடைசிவரை பெடலே இல்லாத ஸ்டீல் வாசித்தவர். ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஹாங்க் வில்லியம்ஸின் 100-க்கும் மேற்பட்ட பதிவுகளில் அவர் ஸ்டீல் இருக்கிறது. கீழ்ச் சுரங்களில் வாசித்தால் ஹாங்கின் குரலோடு மோதும், மேலே போய் வாசி என்று தயாரிப்பாளர் ஃப்ரெட் ரோஸ் சொன்னதாக ஹெல்ம்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். 'யுவர் சீட்டின் ஹார்ட்' ஆரம்பத்திலேயே கத்தி மாதிரி கீறிக்கொண்டு வருகிற அந்த உச்ச ஒலி அப்படிப் பிறந்ததுதான். பேட்ஸி கிளைனின் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பாட்டிலும் அவர்தான்.

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் ரால்ஃப் மூனி. இவருடையது அழுகை அல்ல, துள்ளல். மெர்ல் ஹேகர்டின் 'தி பாட்டில் லெட் மீ டவுன்' சோகப் பாட்டுதான், ஆனால் மூனியின் ஸ்டீல் குறும்பாகக் குதிக்கும். பிறகு வேலன் ஜென்னிங்ஸோடு சுமார் 20 வருஷம் இருந்தார். சில பதிவுகளில் வேலன் பாட்டுக்கு நடுவே 'மூன்' என்று அவரைக் கூப்பிடுவது கேட்கும். எர்னெஸ்ட் டப்புக்கும் தன் வாத்தியக்காரர்களைப் பெயர் சொல்லி உற்சாகப்படுத்துகிற பழக்கம் உண்டு. ரெக்கார்டின் மேல் அச்சடிக்காத பெயர், பாடகரின் குரலிலேயே பதிவாகிவிட்டது!

1964-லேயே இன்னொரு அதிசயம். கோனி ஸ்மித்தின் முதல் சிங்கிள் 'ஒன்ஸ் எ டே' 8 வாரம் நம்பர் ஒன்னில் இருந்தது. அந்தக் கணீர் குரலுக்குச் சமமாகக் கணீரென்று பதில் சொல்கிற ஸ்டீல் வெல்டன் மைரிக்குடையது. அதேபோல் கான்வே ட்விட்டிக்குப் பின்னால் சுமார் 20 வருஷம் ஜான் ஹியூகி. அவர் வாசிப்புக்கு 'அழும் ஸ்டீல்' என்றே பெயர்.

பீட் டிரேக் தனி ரகம். டாமி வைனெட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' (1968) பாட்டில் கேட்பது அவரைத்தான். அடுத்த வருஷம் பாப் டிலனின் 'லே லேடி லே'. 1970-ல் ஜார்ஜ் ஹாரிசன் லண்டனுக்கு அழைத்து 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில் வாசிக்க வைத்தார். கிட்டாரின் ஒலியை ஒரு குழாய் வழியாகத் தன் வாய்க்குள் செலுத்தி, வாத்தியத்தையே பேச வைக்கிற வித்தையும் டிரேக்கிடம் இருந்தது. அந்த லண்டன் ஸ்டுடியோவில் அதைப் பார்த்து அசந்துபோன இளைஞர்களில் ஒருவர் பீட்டர் ஃப்ராம்ப்டன். சில வருஷம் கழித்து அதே வித்தையால் ராக் உலகில் பெரிய ஸ்டார் ஆனார்.

மூன்று மணி நேரம், ஒரு சம்பளம்

அப்போ இவர்கள் பெயர் ஏன் தெரியவில்லை? அன்றைய நாஷ்வில் ஸ்டுடியோக்கள் ஷிஃப்ட் கணக்கில் ஓடின. காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு ஷிஃப்டும் 3 மணி நேரம். அதற்குள் 3 அல்லது 4 பாட்டு முடிய வேண்டும். நொட்டேஷன் எழுதித் தர மாட்டார்கள். எந்த இடத்தில் எந்த ஸ்வரக்கட்டு என்று 1, 4, 5 மாதிரி எண்களில் ஒரு சீட்டு இருந்தால் அதிகம். முன்னிசை, இடையிசை எல்லாம் வாசிப்பவர் அங்கேயே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சங்கம் நிர்ணயித்த கூலி கைக்கு வரும், அவ்வளவுதான். ரெக்கார்டு லேபிளில் பாடகர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும். வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. எந்தப் பாட்டில் யார் வாசித்தது என்பதைப் பிற்பாடு ஆய்வாளர்கள் சங்கத்தின் பழைய செஷன் ஒப்பந்தத் தாள்களைத் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு பாட்டை முதல் ஐந்து நொடியில் அடையாளம் காட்டுகிற இசையை உருவாக்குவதும் இசையமைப்புதானே? சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 'கிரேஸி ஆர்ம்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரே பிரைஸ் பாடி 1956-ல் 20 வாரம் நம்பர் ஒன்னில் இருந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் நாம் மேலே பார்த்த ரால்ஃப் மூனி. ஆனால் பிரைஸின் பதிவில் ஸ்டீல் வாசித்தவர் ஜிம்மி டே. அமெரிக்க வானொலியில் அந்த ரெக்கார்டு ஓடினால் உரிமைத்தொகை எழுதியவர் பக்கத்துக்கு மட்டும்தான். ஜிம்மி டேவுக்கு ஒன்றும் கிடையாது. பாடிய பிரைஸுக்கே கிடையாது என்பதுதான் இன்னும் ஆச்சரியம். ஏஎம், எஃப்எம் வானொலி விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

டிஜிட்டல் ரேடியோவுக்குக் கணக்கு வேறு. அங்கே வசூலாகும் உரிமைத்தொகையில் 50 சதவீதம் ரெக்கார்டின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் பின்னணிக் கலைஞர்களுக்கு. அந்த 5-லும் பாதி கோரஸ் பாடியவர்களுக்குப் போய்விடும். மிச்சம் இரண்டரை சதவீதத்தை அந்தப் பாட்டில் வாசித்த எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதுவும் டிஜிட்டல் ரேடியோவுக்கு மட்டும்தான். ஸ்பாட்டிஃபையில் நீங்களே தேர்ந்தெடுத்துக் கேட்கிற பாட்டுக்குப் பொருந்தாது.

சரி, அதாவது வந்ததா? 1972-க்கு முந்தைய ரெக்கார்டுகள் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே இல்லாமல் இருந்தன. 2018-ல் தான் புதிய சட்டம் ஒன்று அவற்றையும் சேர்த்தது. நாம் பேசிய 1950, 60-களின் பாட்டுகள் எல்லாமே அந்த வகை. பீட் டிரேக் இறந்தது 1988-ல். ஜிம்மி டே 1999, ஜான் ஹியூகி 2007, டான் ஹெல்ம்ஸ் 2008, டாம் பிரம்லி 2009, ரால்ஃப் மூனி 2011, வெல்டன் மைரிக் 2014, பட்டி எம்மன்ஸ் 2015, பட் ஐசக்ஸ் 2016. சட்டம் வந்தபோது இந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. இனி வருவது வாரிசுகள் கேட்டு வாங்க வேண்டியது.

மரியாதையும் இதே வேகத்தில்தான் வந்தது. நாஷ்வில்லின் 'கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்' 1961-ல் தொடங்கியது. அதில் முதன்முதலாக ஒரு பெடல் ஸ்டீல் கலைஞரைச் சேர்த்தது 2022-ல், பீட் டிரேக்கை. அவர் இறந்து 34 வருஷம் கழித்து.

இப்போது எங்கே இருக்கிறது அந்த ஒலி?

பாப் பக்கம் சாய்ந்த இன்றைய கன்ட்ரி ஹிட்களில் ஸ்டீல் பல சமயம் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கிறது. ஆனால் வேறு வழிகளிலும் அது வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சில தேவாலயங்களில் 1930-களிலிருந்தே ஆராதனையின் மைய வாத்தியம் ஸ்டீல் கிட்டார்தான். அந்த மரபில் வளர்ந்தவர் ராபர்ட் ராண்டால்ஃப். 2024-ல் பியான்சே வெளியிட்ட '16 கேரியேஜஸ்' பாட்டில் ஸ்டீல் அவருடையது. பாட்டு வந்தவுடனேயே செய்திகளில் அவர் பெயரும் வந்தது.

கேட்டுப் பார்க்க நினைத்தால் 'ஸ்லோலி'யில் ஆரம்பித்து 'டுகெதர் அகெய்ன்', 'ஒன்ஸ் எ டே' வழியாக, ஜான் ஹியூகி பின்னாளில் வின்ஸ் கில்லுக்கு வாசித்த 'லுக் அட் அஸ்' (1991) வரை போகலாம். முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள், மெல்லத் திறக்கிற வலது கால் அப்போதுதான் பிடிபடும். டான் ஹெல்ம்ஸுக்கு மட்டும் போன் ஸ்பீக்கரே போதும்.