மலக்குழி தோண்டுமுன் மண்ணைச் சோதித்தல்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிரதேசங்களில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போனதை அறியாதார் இலர். அதைக் குறித்து 1996ஆம் வருஷம் ஆகஸ்டு 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் நம் வீட்டுப் பின்புறத்திலிருந்தே நம் கிணற்றுக்கு வரும் கேட்டை எந்தக் கோர்ட்டாலும் தடுக்க முடியாது. அதை நாமேதான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

2014க்குப் பின் சர்க்கார் உதவியால் கிராமங்களில் அநேக வீடுகளுக்குக் கக்கூசு ஏற்பட்டது நன்மையே. ஆயினும் செப்டிக் டாங்கியிலிருந்து வெளிவரும் ஜலம் சுத்தமானது என்று பலர் எண்ணுவது பிழையாகும். டாங்கியில் கசடு அடியில் தங்கி அழுகுகிறதேயன்றி, வியாதிக் கிருமிகள் ஒழிவதில்லை. அவற்றைத் தடுத்து அழிப்பது உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணேயாம். ஆகையால் கொத்தனாரை அழைக்குமுன் மண்ணைச் சோதித்தல் அவசியம்.

காட்பாடித் தாலூகாவில் மண் ஒரே தன்மையாயில்லை. பாலாற்றின் ஓரத்தில் மணல். ஏரிப் பாசன நிலங்களில் களிமண். குன்றுகளின் அருகில் சிறிது தோண்டினாலே பாறை. எனவே அயலான் குழி நன்றாயிருப்பதைக் கண்டு நாமும் அவ்வாறே தோண்டுதல் கூடாது.

சோதனை செய்யும் முறை வருமாறு: உறிஞ்சுகுழியின் அடிமட்டம் வரையில், 4 முதல் 12 அங்குல அகலமுள்ள சிறு குழி தோண்டுக. பக்கங்களைக் கத்தியால் சுரண்டி, உதிர்ந்த மண்ணை நீக்கி, அடியில் 2 அங்குலம் பருமணல் இடுக. அதற்கு மேல் 1 அடி உயரம் ஜலம் ஊற்றி, இரவு முழுவதும் மண்ணை ஊறவிடுக. காய்ந்த மண் முதலில் எவ்வளவு ஜலத்தையும் குடிக்குமாதலால், ஊறாத மண்ணில் செய்யும் சோதனை ஏமாற்றும். மறுநாள் மணலுக்கு மேல் ஜலம் 6 அங்குலம் நிற்கும்படி செய்து, 30 நிமிஷத்தில் எவ்வளவு இறங்குகிறதென்று அளக்கவும். இரவில் ஜலம் முழுதும் வற்றியிருந்தால், அரைமணிக்கு ஒரு முறை நிரப்பி 4 மணி நேரம் அளந்து, கடைசி அளவையே கொள்ளவும். 2 அங்குலம் இறங்கினால் அங்குலத்துக்கு 15 நிமிஷம் என்று கணக்கு. இரண்டு மூன்று இடங்களில் சோதித்தல் உத்தமம்.

ஐ.எஸ். 2470 என்னும் இந்தியத் தர விதிப்படி, ஓர் அங்குலம் இறங்க 30 நிமிஷம் வரையானால் உறிஞ்சுகுழி தகும். 30க்கு மேல் 60 வரையானால் ஆழமற்ற நீண்ட கால்வாய்களில் ஜலத்தைப் பரவவிட வேண்டும். 60க்கும் மேற்பட்டால் அந்த மண் உதவாது. வடிகட்டும் தொட்டி முதலிய வேறு ஏற்பாடு தேவை.

நிற்க, ஜலம் மிக விரைவாய் இறங்கினால் மகிழ்ச்சியடைவதற்கில்லை. பருமணலிலும் வெடித்த பாறையிலும் கழிவு நீர் சுத்தமாகுமுன்னரே கிணற்றை அடைந்துவிடும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 60 அடியேனும், குடியிருக்கும் வீட்டுக்கும் குழிக்கும் 20 அடியேனும் இடைவெளி இருத்தல் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் கிணற்று நீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதோ, அதற்கு 6½ அடிக்கு மேலேயே குழியின் அடி இருக்க வேண்டும். கோடையில் பார்த்துத் தோண்டுகிறவர்கள் இதை மறந்து மோசம்போகிறார்கள்.

60 அடி என்பது பல மனைகளின் எல்லையைக் கடந்துவிடும். ஒருவர் குழி மற்றொருவர் கிணற்றைக் கெடுக்கக் கூடுமாதலால், இது தனி மனிதர் காரியமன்று. சங்க அங்கத்தினர்கள் கூடி, தெருவிலுள்ள கிணறுகளையும் குழிகளையும் ஒரு படத்தில் குறித்து, புதுக் குழிக்கு இடத்தைச் சேர்ந்து தீர்மானிப்பார்களாக. ஒரு மண்வெட்டியும், ஓர் அளவுகோலும், ஓர் இரவுப் பொழுதும் தவிர இதற்குச் செலவு வேறொன்றுமில்லை.