ஒரு பாகைச் சாய்வில் ஆறு மூலை

வீட்டில் இருக்கும் மோட்டார் சைக்கிளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சில போல்டுகளின் தலையில் ஆறு மூலை கொண்ட பள்ளம் இருக்கும். அலன் கீ நுழைவது அதில்தான்.

சென்ற ஆண்டு படிவம் மூன்று மாணவன் ஒருவன் அப்படியொரு போல்டைக் கையில் எடுத்து வந்தான். "சார், டிரில் சுற்றுது. சுற்றினா வட்டத் துளைதானே வரும்? இது எப்படி ஆறு மூலையா வந்துச்சு?"

"டிரில்லில் வராது, அழுத்தித்தான் செய்வார்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். அது பாதிப் பதில். கடையில் வாங்கும் போல்டுகள் பெரும்பாலும் அழுத்திச் செய்தவைதான். அமெரிக்காவின் வில்லியம் ஆலன் என்பவர், போல்டின் தலையைக் காய்ச்சாமலே அறுகோண அச்சைச் சுற்றி அழுத்தி உருவாக்கும் முறைக்கு 1910இல் காப்புரிமை பெற்றார். அலன் கீயின் பெயர் அவருடையதே. ஆனால் ஒன்றிரண்டு மட்டும் வேண்டுமென்றால், லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்திலேயே ஆறு மூலைத் துளை போடலாம். இது எனக்கு அன்று தெரியாது.

தெரிந்தவர் புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருந்தார். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. தோட்டம் வந்தால் ஆலை வரும், ஆலைக்குப் பட்டறை வேண்டும். இந்தப் பக்கத்தில் லேத் வேலை தெரிந்த கைகள் இருப்பதில் வியப்பில்லை.

பெரியவர் விளக்கத் தொடங்கும் முன் ஒரு 20 சென் நாணயத்தை மேசையில் சுழற்றிவிட்டார். நீங்களும் செய்து பாருங்கள். விழப்போகும் நேரத்தில் நாணயம் சற்றே சாய்ந்து தள்ளாடும். விளிம்பு மேசையைத் தொடும் இடம் வேகமாக வட்டமிட்டு ஓடும். நாணயத்தின் முகமோ மெதுவாகத்தான் திரும்பும்.

அவர் செய்த கருவியும் அதே தள்ளாட்டத்தில் வேலை செய்கிறது. அதற்குப் பெயர் சுழல் ப்ரோச். லேத்தின் சக்கில் இரும்புத் துண்டு சுழல்கிறது. எதிரே, பேரிங்கில் தடையின்றிச் சுற்றக்கூடிய ஆறு மூலை வெட்டுமுனை. துண்டைத் தொட்டதும் முனையும் அதோடு சேர்ந்து ஒரே வேகத்தில் சுழலும். ஆகவே மூலைகள் இடம் மாறுவதில்லை. ஆனால் முனையின் அச்சு 1 பாகை சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு நொடியும் ஒரு மூலை மட்டுமே ஆழமாக இறங்கும். அடுத்து பக்கத்து மூலை, பிறகு அதற்கடுத்தது.

8 மி.மீ. அலன் கீயை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை 9.24 மி.மீ. இதை 1 பாகையின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் 0.16 மி.மீ. வரும். எதிர் மூலையைவிட இந்த மூலை முந்துவது அவ்வளவுதான். அது போதும். ஆறு மூலைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தத் தேவைப்படும் பெரும் விசை இங்கே வேண்டியதில்லை. மேலும், முதலில் 8 மி.மீ. வட்டத் துளை போட்டுவிடுவதால் அறுகோணப் பரப்பில் ஏறக்குறைய 91 விழுக்காடு ஏற்கெனவே போய்விடும். ப்ரோச் சீவுவது மூலைகளில் மிஞ்சியதை மட்டுமே. சீவல் தங்குவதற்காக அந்தத் துளையைச் சற்று ஆழமாகவே போட வேண்டும்.

1 பாகைச் சாய்வை எப்படி அளந்தார் தெரியுமா? 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு முனையை 1.75 மி.மீ. உயர்த்தினார். நீங்கள் படிக்கும் சைன் தான்! வெட்டுமுனையைக் கருவி எஃகில் செய்து, சிவக்கக் காய்ச்சிக் கடினமாக்கினார். முனையின் பக்கங்கள் பின்னோக்கி 1 பாகைக்கும் சற்று அதிகமாக ஒடுங்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பகுதி துளைச் சுவரில் உரசும்.

முதல் முயற்சி தோற்றது. மாணவனையும் அழைத்துப் போயிருந்தேன். பித்தளைத் துண்டில் துளை விழுந்தது, ஆனால் கீ உள்ளே போய் ஆடியது. வெட்டுமுனையின் நடுப்புள்ளி லேத்தின் அச்சுக்கோட்டில் சரியாக நிற்கவில்லை. சாய்க்கும் இடம் முனைக்கு 40 மி.மீ. பின்னால் இருந்தால், முனை 0.7 மி.மீ. விலகிவிடும். துளை பெரிதாகிவிட இது தாராளம். பெரியவர் திருகாணிகளைத் தளர்த்தி, அளவுமானியை வைத்து, அரை மணி நேரம் நகர்த்தினார். மாணவன் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். சுழலும் லேத் அருகே தளர்ந்த சட்டைக்கையும் கையுறையும் கூடாது என்பது அங்கே முதல் விதி. பெரியவர்கள் இல்லாமல் நீங்களும் அதன் அருகே போகாதீர்கள்.

இரண்டாம் துண்டில் கீ இறுக்கமாக உட்கார்ந்தது. மறுநாள் வகுப்பில், போன ஆண்டு சொன்ன பதில் முழுமையானதல்ல என்று சொல்லி, அந்தத் துண்டைக் கைக்குக் கை சுற்றவிட்டேன். அது இப்போது அவனுடைய சாவிக்கொத்தில் தொங்குகிறது.