மூடுபனி தரும் செல்வம்

நம் ஈழத்திருநாட்டின் நடுவே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளி அமைந்துள்ளது. வெயில் காயும் யாழ்ப்பாணத்திலிருந்து அங்குச் செல்வோர், இதுவும் நம் நாடுதானோ என ஐயுறுவர். தை மாதத்து வைகறையிற் புல் நுனிகளில் உறைபனி படிவதும் உண்டு. பரந்த புல்வெளியில் மரைகள் அச்சமின்றி மேயும்.

பயணிகள் பெரும்பாலோர் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறையையே நாடி விரைவர். ஏறத்தாழ 870 மீற்றர் ஆழம் காலடியிற் சரிந்து கிடக்கும் காட்சி நெஞ்சை நடுங்கச் செய்யும். முற்பகலிலேயே மூடுபனி எழுந்து அதனை மறைத்துவிடுவதால், தாமதித்து வருவோர் ஏமாற்றத்துடன் திரும்புவர்.

ஆயின் அம்மூடுபனியே இம்மலையின் செல்வம். பாசி படர்ந்த குறுமரங்கள் அதன் ஈரத்தைத் தடுத்து நிலத்திற் சொட்டச் செய்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இங்கே பிறக்கின்றன.

கோப்பித் தோட்டங்கள் மலையேறி வந்த காலத்தில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென 1873ஆம் ஆண்டில் ஆணை பிறந்தமையால் இக்காடு பிழைத்தது. 1988இல் இது தேசிய பூங்காவாயிற்று; 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் சில பத்தாண்டுகளாக இங்கு மரங்கள் பரவலாகப் பட்டுப்போகின்றன. காரணம் இதுவென அறிஞர் இன்னும் அறுதியிட்டிலர்.

சுற்றுலாச் செல்லும் மாணவர்களே! பனி மறைத்ததென்று முகஞ்சுழியாதீர்கள். தாழ்நிலத்து உழவனின் வயலுக்குரிய நீரே உங்கள் முன்னால் மிதந்து செல்கின்றது.