முற்பிறப்பும் மூலபத்திரமும்

தர்மபுரி ஜில்லாவில் பிறந்தவர் எவரும் அதியமானது நெல்லிக்கனியின் கதையை அறியாதிரார். தகடூர் மன்னன் அரிதின் முயன்று பெற்ற கனியை, அதன் பயனை வாய்விட்டுச் சொல்லாமலே, ஔவைக்கு ஈந்தான் என்பது புறநானூறு தரும் செய்தி. அதன்மேல் நம் ஜனங்கள் தாமாகச் சேர்த்துக்கொண்டதும் ஒன்றுண்டு. அதியனைப் பாடிய ஔவை வேறு, பல நூற்றாண்டுகளுக்குப்பின் ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்று ஆராய்ச்சியாளர் பிரித்துரைப்பர். ஜனங்களோ, எல்லாம் ஒரே கிழவிதான், நெல்லிக்கனி உண்ட பலத்தால் அத்தனை காலம் இருந்தாள் என்று வழக்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டனர். இதனால் எவருக்கும் நஷ்டமில்லை. ஔவையின் நீண்ட ஆயுளைக் காட்டி எவரும் பிறர் பிள்ளையின்மீது பாத்தியதை கொண்டாடியதில்லை.

பல காலத்துப் பெரியோரை ஒருவராக இணைக்கும் இக்காரியத்தையே சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தார் வேறொரு வழியாகச் செய்தனர். அங்கே நெல்லிக்கனிக்குப் பதிலாக மறுபிறவி. அங்கே பாத்தியதையும் பின்தொடர்ந்து வந்தது. ஹைக்கோர்ட்டு வரையிலும், அதற்கப்பால் லண்டன் பிரிவி கௌன்ஸில் வரையிலும் சென்றது.

1875-இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் தோற்றுவித்த இச்சங்கம் 1882-இல் அடையாற்றைத் தலைமை ஸ்தானமாகக் கொண்டது. இமயத்துக்கு அப்பால் மோர்யா, கூட்ஹூமி முதலான மகாத்மாக்கள் தேகத்தோடு வாழ்ந்து உலகை மறைவாக நடத்துகிறார்கள் என்பது அதன் அங்கத்தினர் பலரது நம்பிக்கை. அம்மகாத்மாக்கள் முன் ஜன்மங்களில் யார் யாராக இருந்தனர் என்பதற்கும் ஒரு ஜாபிதா உண்டு. கூட்ஹூமி முன்னர் கிரேக்க ஞானி பிதாகோரஸாக இருந்தவராம். ஸெயின்ட் ஜெர்மேன் பிரபு என்பவர் ரோஜர் பேக்கனாகவும் பின்னர் பிரான்ஸிஸ் பேக்கனாகவும் பிறந்தவராம். பெஸண்டு அம்மையாரே முன்னொரு பிறப்பில் அலெக்ஸாண்டிரியாவின் ஹைபேஷியா என்றும், மற்றொரு பிறப்பில் 1600-இல் ரோமாபுரியில் எரிக்கப்பட்ட புரூனோ என்றும் சொல்லப்பட்டது. சங்கத்தின் திவ்யதிருஷ்டியாளரான லெட்பீட்டர் 1925-இல் வெளியிட்ட நூலில் தமிழர் வியக்கத்தக்க ஒரு வரிசை காணப்படுகிறது: ஏசு என்னும் குருநாதர் அடுத்து டயானா நகரத்து அப்பல்லோனியஸாகப் பிறந்தார், அதன்பின் ராமாநுஜாசாரியராகப் பிறந்தார்!

1017-இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவரை ஆதிசேஷன் என்றே வழிபட்டு வரும் ஸ்ரீவைஷ்ணவரை இதுபற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது நிற்க. அப்பல்லோனியஸ் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர். சரித்திர நூலார் கணக்கின்படி ஏசுவின் காலத்தவரே. ஒரே ஜீவன் ஒரே காலத்தில் இரண்டு தேகங்களில் இருப்பது எவ்வாறு? இச்சங்கடத்துக்கு அடையாற்றில் இடமில்லை. அவர்கள் நூல்களில் ஏசு பிறந்தது கி.மு. 105 ஆகும். தேதி ஒத்துவரவில்லையென்றால் தேதியைத் திருத்திக்கொள்ளும் சாட்சிகளைக் கச்சேரியில் நாம் நிறையக் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவாவது ஒரு வழி உண்டு. திவ்யதிருஷ்டியைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல் எவர்?

மறுபிறவியை நாம் பரிகசிக்கவில்லை. அது நம் நாட்டின் பழைய கொள்கை. புத்தரது முற்பிறவிகளை விரிக்கும் ஜாதகக் கதைகளைக் கேட்டு எத்தனையோ தேசங்கள் தருமம் கற்றன. ஆனால் நம் பெரியோர் முன்வினையைப் பேசியதெல்லாம், செய்தவன் அனுபவிக்க வேண்டும் என்பதற்காக. ஒருவன் தன் முற்பிறப்பைக் கருதி அடங்கி நடக்கலாம். பிறனது முற்பிறப்பை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அவனை நடத்த அதிகாரம் பெறுவது வேறு காரியம்.

அவ்வாறு எழுதப்பட்டவன் ஒரு சிறுவன். மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, தாயை இழந்தபின், ஓய்வுபெற்ற தாசில்தாரான தந்தை நாராயணய்யாவுடன் 1909-இல் அடையாறு வந்து சேர்ந்தான். மெலிந்த உடல், படிப்பில் மந்தம் என்று உபாத்தியாயர் கையால் அடிபடும் பிள்ளை. கடற்கரையில் அவனைக் கண்ட லெட்பீட்டர், அவனைச் சூழ்ந்த ஒளியில் சுயநலத்தின் சாயலே இல்லை என்றார். மைத்ரேயர் என்னும் ஜகத்குரு, முன்னர் ஏசுவின் தேகத்தை ஏற்றதுபோல இச்சிறுவனது தேகத்தையும் ஏற்கப் போகிறார் என்ற பேச்சு எழுந்தது. 1910 முதல் சங்கத்தின் பத்திரிகையில் அவனது முப்பது பிறவிகளின் சரித்திரம் தொடர்ந்து வெளிவந்தது: கி.மு. 22,662-இல் தொடங்கி கி.பி. 624 வரையில்! அதில் அவனுக்கு ஆல்ஸியோனி என்ற நக்ஷத்திரப் பெயர், தம்பி நித்யானந்தனுக்கு மிஸார், பெஸண்டுக்கு ஹெராக்ளீஸ், லெட்பீட்டருக்கு ஸிரியஸ். மகாத்மாக்களும் அப்பிறவிகளிலெல்லாம் உறவினராக உடன் வந்தனர். அந்த நாளில் சங்கத்தார் ஒருவரையொருவர் சந்தித்தால், நீர் அச்சரித்திரத்தில் இருக்கிறீரா, ஆல்ஸியோனிக்கு என்ன உறவு என்றே கேட்டுக்கொள்வராம். ஜாதி வேற்றுமையைக் களைய வந்த சங்கத்தில் புதிதாக ஒரு ஜாதி முளைத்தது. அதற்குக் கோத்திரம், முற்பிறப்பு.

நாராயணய்யா சூதறியாத அந்நியரல்லர். அவரும் நெடுநாள் பிரம்மஞானியே. 1910 மார்ச்சு 6-ஆம் தேதி தம் இரு குமாரர்களின் போஷணையையும் பெஸண்டு அம்மையாரிடம் ஒப்புவித்து எழுதிக் கொடுத்தவரும் அவரே. 1911-இல் சிறுவனைத் தலைவனாக்கி 'கிழக்கின் நக்ஷத்திர சங்கம்' ஏற்பட்டது. அவ்வருஷக் கடைசியில் காசியில் பெரியவர்கள் அவன் காலில் விழுந்தனர். 1912-இல் பிள்ளைகள் இங்கிலாந்து சென்றனர். அப்போதுதான் தந்தைக்கு உள்ளம் துணுக்குற்றது. லெட்பீட்டரின் நடத்தையைப்பற்றி அவர் கொண்ட ஐயமும், மகனைத் தெய்வமாக்குகிறார்கள் என்ற மனக்குறையும் பிராதாயின. செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடுத்த வழக்கு ஹைக்கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. வாதிக்கு ஸி. பி. ராமஸ்வாமி ஐயர், பிரதிவாதியான அம்மையார் தமக்குத் தாமே வாதாடினார், அதுவும் திறம்பட.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், பிள்ளைகளைத் தந்தையிடம் திருப்பி ஒப்புவிக்கத் தீர்ப்பளித்தார். அப்பீலிலும் அதுவே நின்றது. 1914 மே மாதத்தில் பிரிவி கௌன்ஸில் அதைப் புரட்டியது. ஏன் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தந்தை எழுதிக் கொடுத்த கடிதம் ரத்து செய்யக்கூடியதே என்று அவர்களும் ஒப்புக்கொண்டனர். ஆயினும் சிறுவர்கள் செங்கற்பட்டு ஜில்லாவில் வாசம் செய்யாததால் அக்கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்றும், அவர்களைக் கட்சியாகச் சேர்த்து அவர்களது நலத்தையும் விருப்பத்தையும் விசாரித்திருக்க வேண்டும் என்றும் கூறினர். முப்பது பிறவிகள் எழுதப்பட்ட ஒருவனிடம், இப்பிறவியில் உனக்கு என்ன வேண்டும் என்று சென்னையில் எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை என்பதே அதன் சாரம்.

பெஸண்டு அம்மையாரது தேசத்தொண்டை நாம் மறக்கவில்லை. 1916-இல் ஹோம் ரூல் லீகைக் கண்டு, 1917-இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டு, அவ்வருஷமே கல்கத்தா காங்கிரஸில் தலைமை வகித்தவர் அவர். அவருக்கு எதிராக வாதாடிய ஸி. பி.யே அவரது லீகில் தோழரானார். ஆனால் தமது அரசியல் ஊழியமும் அகஸ்திய முனிவரின் கட்டளையால் தொடங்கியதென்று அம்மையார் பின்னாளில் சொன்னபோது, நமக்கு மறுபடியும் அதே தயக்கம் உண்டாகிறது. முனிவர் கட்டளையை எந்தக் காங்கிரஸ் கமிட்டியில் விவாதிப்பது? பாரதியார் 1914-லேயே புதுச்சேரியிலிருந்து, பொன் வால் கொண்ட நரியைப்பற்றிய ஆங்கிலக் கதையால் இவ்வதிகாரத்தைக் கேலி செய்தார்.

தம்பி நித்யா க்ஷயரோகத்தால் வருந்தினான். அவனது உயிர் அண்ணனது பணிக்கு அவசியமென்றும், ஆகவே மகாத்மாக்கள் அவனைக் காப்பர் என்றும் கிருஷ்ணமூர்த்தி உறுதியாக நம்பியிருந்தார். 1925 நவம்பர் 13-ஆம் தேதி கலிபோர்னியாவில் அவன் இறந்தான். அண்ணன் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அடையாற்றை நோக்கிக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். சூயெஸை அடையும் வேளையில் தந்தி கிடைத்தது. பல நாள் அழுதார் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அதற்கு ஒரு வருஷம் முன்னரே ஆல்ஸியோனியின் சரித்திரம் இரண்டு பெரும் பாகங்களாக, உறவுமுறை அட்டவணைகளோடு, புஸ்தகமாக வெளிவந்திருந்தது. மிஸார் எந்தெந்தப் பிறவியில் யாருக்குப் பிள்ளை என்பது அதிலுண்டு.

1929 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஹாலந்து தேசத்து ஓமன் முகாமில், பெஸண்டு அம்மையாரும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரும் அமர்ந்திருக்க, கிருஷ்ணமூர்த்தி நக்ஷத்திர சங்கத்தைக் கலைத்தார். தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். நன்கொடையாக வந்த கோட்டையும் நிலமும் கொடுத்தவருக்கே திரும்பிச் சென்றன. பிரிவி கௌன்ஸில் கேட்கச் சொன்ன கேள்விக்குப் பதில் வருவதற்குப் பதினைந்து வருஷங்கள் சென்றன.