நெல்லி: பெயரும் தாவரமும்

ஒரு தாவரத்தின் பெயரை அறிவது வேறு. அத்தாவரத்தை அறிவது வேறு. ஆங்கிலக் கதையொன்றில் மலைக்காட்டில் வளரும் 'கூஸ்பெரி'ப் புதரைப் பற்றிப் படிக்கும் மாணவர் அகராதியைப் புரட்டி, அதனைக் 'காட்டு நெல்லி' என மொழிபெயர்ப்பது இயல்பு. ஆயினும், அப்புதருக்கும் நம் நெல்லிக்கும் தாவரவியல் நோக்கில் நெருங்கிய உறவு எதுவும் இல்லை.

கூஸ்பெரி, ரைபீஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த குளிர்நாட்டு முட்புதர். அதன் காட்டு வகைகளுள் ஒன்றாகிய ரைபீஸ் ஆல்பெஸ்ட்ரி இமயமலையின் உயர்ந்த காடுகளில் வளர்கிறது. இலை, விரித்த கைபோலப் பிளவுபட்டிருக்கும். கணுக்களில் முள் இருக்கும். கனியின் நுனியில் வாடிய பூவின் எச்சம் ஒட்டியிருக்கும். உள்ளே சிறுவிதைகள் பல இருக்கும்.

நெல்லியோ முள்ளில்லாத மரம். மெல்லிய சிறுகிளையின் இருபுறமும் சிற்றிலைகள் நெருங்கி வரிசையாக அமைவதால், தொலைவிலிருந்து நோக்குவார்க்குப் புளியிலை போலத் தோன்றும். கனி கிளையை ஒட்டிக் காய்க்கும். அதன்மேல் ஆறு மெல்லிய கோடுகள் ஓடும். உள்ளே கடினமான ஒற்றைக் கொட்டை இருக்கும். அதியமான் தமக்கு ஈந்த நெல்லிக்கனியை ஔவையார் பாடும் புறநானூற்று 91ஆம் பாடல், மரம் நின்ற மலைப்பிளவையும் இலையின் சிறுமையையும் சுட்டுகிறது. இடமும் இலையும் கொண்டு மரத்தை அடையாளம் காட்டும் முறை நம் இலக்கியத்திற்குப் புதிதன்று.

தமிழ் வழக்கில் நெல்லி என்னும் பெயர் ஒன்றோடு நிற்பதில்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் புளிப்புக் கனி அருநெல்லி. சிறுகிளையின் அடிப்புறத்தில் காய்கள் வரிசையாகத் தொங்கும் சிறுசெடி கீழாநெல்லி. இவற்றுள் ஒன்று பெருமரம், ஒன்று சிறுமரம், ஒன்று செடி. எனினும், தாவரவியலார் இம்மூன்றையும் நெடுங்காலம் ஃபில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைத்து வந்துள்ளனர். பெயரிட்ட தமிழ் மக்கள் உருவத்தின் அளவை நோக்காமல் இலையடுக்கின் ஒப்புமையை நோக்கினர் எனக் கருதலாம். ஆங்கிலத்தின் நிலை வேறு. கனியின் தோற்றத்தை முதன்மையாகக் கொண்டு, நெல்லியை 'இந்தியக் கூஸ்பெரி' என்றும், இன்று கிவி எனப்படும் கனியை முன்னர்ச் 'சீனக் கூஸ்பெரி' என்றும் வழங்கினர். தம்முள் உறவற்ற தாவரங்கள் அங்கு ஒரு பெயரில் இணைந்தன.

நம் நாட்டு மலாய் மொழியில் இம்மூன்றுக்கும் மூன்று தனிப்பெயர்கள் உள்ளன. நெல்லி 'போக்கோக் மெலாக்கா', அருநெல்லி 'செர்மாய்', கீழாநெல்லி 'டுக்குங் அனாக்'. வடமொழியின் 'ஆமலக' என்னும் சொல் தமிழில் ஆமலகம் என வழங்குகிறது. மலாய் மரப்பெயரும் அதிலிருந்தே வந்தது என்பர். ஏறத்தாழ 1400இல் தோன்றிய மலாக்கா, அரசர் சாய்ந்து நின்ற மரத்தின் பெயரையே பெற்றதாகச் 'செஜாரா மெலாயு' கூறுகிறது. ஜொகூர் அரசமரபும் அந்நகரின் வீழ்ச்சிக்குப் பின் அதன் அரசகுடியிலிருந்தே கிளைத்தது. 'டுக்குங் அனாக்' என்பதற்குக் குழந்தையைச் சுமத்தல் என்பது பொருள். இலைகளின்கீழ்க் காய்களைத் தாங்கும் இயல்பையே தமிழர் 'கீழ்' என்றும் மலாய்க்காரர் 'சுமத்தல்' என்றும் குறித்தனர்.

இவ்வேறுபாடுகளை அறிவது சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. சித்த மருத்துவத்தில் காமாலைக்குக் கூறப்படும் கீழாநெல்லியும் காயகற்பமாகப் போற்றப்படும் நெல்லிக்கனியும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. எனவே ஆசிரியர்கள் வகுப்பில் தாவரப் பெயரொன்றைக் கற்பிக்கும்போது நான்கு வினாக்களை உடன் எழுப்புதல் நலம்: அது மரமா, புதரா, செடியா? முள் உண்டா? இலை எவ்வாறு அமைந்துள்ளது? காய் எங்கே காய்க்கிறது? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே பெயரைத் தேர்தல் வேண்டும். குளிர்நாட்டுப் புதரைக் 'கூஸ்பெரி' என்றே எழுதி, 'முட்புதர்க் கனி' என விளக்கம் தருவதில் தமிழுக்குக் குறைவொன்றும் இல்லை. அதனை நெல்லி என்று எழுதினால், படிக்கும் மாணவர் முள்ளில்லாத மரத்தில் முள்ளைத் தேட நேரும்.