தலைக்குமேல் ஓடும் ரயில்

சென்னையில் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் ரயிலுக்கு நகர மக்கள் இட்ட பெயர் 'பறக்கும் ரயில்'. அது பறப்பதில்லை; வழியின் பெரும்பகுதியில் தூண்களின்மேல் அமைந்த பாலத்தின்மீது ஓடுகிறது. ஆயினும், கீழே நெரிசலில் நிற்பவன் அண்ணாந்து பார்க்கும்போது அவ்வாறு பெயரிடத் தோன்றுவது இயல்பே.

நகரம் வளர்கிறது, அதன் தெருக்கள் வளர்வதில்லை. தெருவை அகலமாக்க வேண்டுமாயின் இருபுறத்து வீடுகளையும் இடிக்க வேண்டும். பூமிக்கடியிற் சுரங்கம் அமைக்கலாம். அதற்குப் பொருட்செலவு மிகுதி. எஞ்சியது மேல்வழி. தூண் ஊன்றச் சிறிதளவு நிலமிருந்தாற் போதும். தெருவின்மேல் மற்றொரு தெரு கிடைத்துவிடுகிறது. கணக்கு இவ்வளவு எளிதாயின், இப்பாதையைக் கட்டிய நகரமொன்று அதைப் பெயர்த்தெறிந்தது ஏன்?

அந்நகரம் நியூயார்க். அதன் மான்ஹாட்டன் பகுதி நீண்டு ஒடுங்கிய தீவு. தொழிலும் வாணிகமும் தென்கோடியில். மக்களோ வடக்கு நோக்கிக் குடியேறிக் கொண்டிருந்தனர். இடையே குதிரை டிராம்கள் ஊர்ந்தன. 1868-இல் சார்லஸ் ஹார்வி என்பவர் கிரீன்விச் தெருவில் இரும்புத் தூண்களை நட்டு, அவற்றின்மேற் கம்பிவடத்தால் வண்டியை இழுத்து ஓட்டிக் காட்டினார். பின்னர் நீராவி எஞ்சின்கள் வந்தன. 1878-இல் மூன்றாம் அவென்யூவிலும் ஆறாம் அவென்யூவிலும் ரயில்கள் மாடிச் சன்னல்களை ஒட்டி ஓடலாயின.

பயணிக்குக் கிடைத்தது விரைவு. கீழே வாழ்ந்தவனுக்குக் கிடைத்தவை தணலும் சாம்பலும் சொட்டும் எண்ணெயும்; பட்டப்பகலிலும் நிழல். ஸ்டோரி என்ற கட்டட உரிமையாளர் ஒருவர் ரயில் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தார். 'தெரு பொதுச் சொத்து. அரசின் அனுமதியோடு கட்டுகிறோம். உமக்கு என்ன நஷ்டம்?' என்பதே கம்பெனியின் வாதத்தின் சாரம். 1882-இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. தெருவிலிருந்து வரும் வெளிச்சமும் காற்றும், வீட்டுக்குள் வந்துபோகும் வழியும், தெருவோரச் சொத்துடையவனின் உரிமைகள். அவற்றைப் பறிப்பவர் ஈடு கொடுத்தே தீரவேண்டும் என்றது நீதிமன்றம். வெளிச்சத்துக்கும் விலையுண்டு என்பது அன்று தெளிவாயிற்று.

1903-க்குள் மின்சாரம் வந்து புகையை நீக்கியது; நிழலையும் ஓசையையும் நீக்க அதனால் இயலவில்லை. 1904-இல் சுரங்க ரயில் தொடங்கியபின் மேற்பாதையின்மீது மக்களுக்கிருந்த பொறுமை குன்றிற்று. ஆறாம் அவென்யூப் பாதை 1938-இலும், மான்ஹாட்டனில் மூன்றாம் அவென்யூப் பாதை 1955-இலும் மூடப்பட்டன. ஆனால், மேற்பாதையே தவறு என்று முடிவுகட்டிவிடலாகாது. நியூயார்க்கின் பிற பகுதிகளில் அவை இன்றும் ஓடுகின்றன. சிகாகோவின் நடுவே 1897-இல் முழுமையுற்ற வட்டப்பாதையும் இன்றும் பயன் தருகிறது.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தார் வேறு வழி கண்டனர். குறுகிய பள்ளத்தாக்கு, இரு மருங்கும் வீடுகள், நடுவே வுப்பர் ஆறு. அவர்கள் ஆற்றின் இரு கரையோரங்களிலும் சாய்ந்த இரும்புக் கால்களை ஊன்றி, அவற்றின்மேல் அமைத்த தண்டவாளத்திலிருந்து பெட்டிகளைத் தொங்கவிட்டனர். 1901-இல் திறக்கப்பட்ட அப்பாதையின் நீளம் 13.3 கிலோமீட்டர், அதிற் பெரும்பகுதி ஆற்றின்மேலேயே செல்கிறது. அப்பகுதியில் ஆற்றுக்குத்தான் நிழல், வீடுகளுக்கன்று!

நம் சென்னையின் பறக்கும் ரயிலும் நீர்வழியையே நாடியது. 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் அது நீண்டது. வீடுகளை இடிப்பதைக் குறைக்கப் பக்கிங்ஹாம் கால்வாயின் போக்கைப் பின்பற்றினார்கள். ஆனால், வுப்பர்டாலிற் கால்கள் கரையோரம் நிற்க, இங்கே பல இடங்களில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நின்றன. ஒரு காலத்திற் படகுகள் சென்ற நீர்வழி குறுகிற்று. மழைவெள்ளம் வடியவேண்டிய வழி அது என்பதைத் திட்டமிட்டோர் போதிய அளவு எண்ணவில்லை என்றே நான் கருதுகிறேன்.

2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்குமிடையே தொடங்கிய மெட்ரோ ரயில், சாலை நடுவே நிற்கும் ஒற்றைத் தூண்களின்மேல் ஓடுகிறது. கான்கிரீட் பாலமாதலின், பழைய இரும்புப் பாலத்தின் அதிர்வும் பேரோசையும் இதில் இல்லை. இப்போது ஆர்க்காடு சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு பாதைகள் எழுப்பப்பட்டுள்ளன. அவ்வழியே செல்லும் மாணவர்கள் தூண்களின் உயரத்தை வியப்பதோடு நின்றுவிடாமல், நண்பகலில் நிழல் எந்த வீட்டுச் சன்னலில் விழுகிறதென்றும் ஒருமுறை பார்த்து வரலாம்.